நான் செத்த வெள்ளிக்கிழமை

இயக்குநர் என்ற முறையில் என் முதல் நாடகத்தில் நான் செய்தது, கண்ணை மூடி மல்லாந்து படுத்திருந்தது மட்டும்தான். அதையும் உருப்படியாகச் செய்யவில்லை.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. காரைக்காலில் நாடகப் போட்டி. விழிதியூரில் நெல் விவசாயம் பார்த்த அப்பா, "பரிசு வந்தா நாடகம். இல்லாட்டி பி.எட்." என்று சொல்லியிருந்தார்.

நாடகம் படு சோகம். தொடக்கத்திலேயே கதையில் வரும் அப்பா பிணமாகக் கிடப்பார். மகளாக நடிக்கும் சுமதி பத்து நிமிடம் கதறுவாள். பிணமாக நடிக்கவேண்டிய செல்வத்துக்கு அன்று காலையிலிருந்து வயிற்றுப்போக்கு. (பிணம் அடிக்கடி எழுந்து போனால் நன்றாகவா இருக்கும்?) "எது நடந்தாலும் நாடகத்தை நிறுத்தக்கூடாது" என்று எல்லோருக்கும் உத்தரவிட்டு, மூக்கில் பஞ்சும் கழுத்தில் மாலையுமாக நானே படுத்தேன்.

திரை விலகியது. சுமதி அலறினாள். அரங்கில் ஒருவர்கூட இருமவில்லை. செத்தபடியே பூரித்துப்போனேன்.

"அடேய் குமாரு! வெள்ளிக்கெழமையும் அதுவுமா என்னடா கோலம் இது?"

என் அம்மா! சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறி வந்திருக்கிறார். கொசுவத்தைச் செருகிக்கொண்டு மேடையேறியவர், மாலையைப் பிய்த்தெறிந்தார்.

"எந்திரிடா!"

உதட்டை அசைக்காமல் முனகினேன்: "அம்மா, நான் செத்துட்டேன். கீழ எறங்கிப் போம்மா."

"வாயக் கழுவு!" பளாரென்று கன்னத்தில் ஒன்று விழுந்தது.

சுமதி என் உத்தரவை மறக்காதவள். அழுதுகொண்டே, "யாரும்மா நீங்க? எங்கப்பாவ ஏன் அடிக்கிறீங்க?" என்றாள்.

அம்மா திகைத்தார். "ஒங்கப்பாவா? எனக்குத் தெரியாம இவனுக்கு எப்ப கல்யாணம் ஆச்சு? இம்மாம் பெரிய பொண்ணு வேறயா?"

அரங்கம் அதிர்ந்தது. எனக்கும் சிரிப்பு பீறிட்டது. மூக்கிலிருந்த பஞ்சு பறந்து முன்வரிசையில் இருந்த நடுவரின் மடியில் போய் விழுந்தது.

நாடகத்துக்குப் பரிசு இல்லை. சிறந்த துணை நடிகைக்கான கோப்பை மட்டும் அம்மாவுக்கு! (அவரும் குழுவில் ஒருவர் என்றே நடுவர்கள் நினைத்துவிட்டார்கள். திருத்தும் துணிச்சல் எனக்கில்லை.)

வீட்டில் அப்பா கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பரிசு வரணும்னுதான் சொன்னேன். யாருக்குன்னு சொல்லலையே" என்றவர் பி.எட். விண்ணப்பத்தை மடித்து வைத்துவிட்டார்.

அதன்பின் பதினைந்து நாடகங்கள் இயக்கிவிட்டேன். கைதட்டல் உண்டு, கோப்பை கிடையாது. வீட்டுக்கு வருபவர்கள் அலமாரியைப் பார்த்து, "சார் வாங்குனதா?" என்று கேட்டால் போதும், அம்மா சமையலறையிலிருந்து ஓடிவந்துவிடுவார்.

"நான் வாங்குனதுங்க. இவனும் அதுல இருந்தான், பொணமா!"