புழு சாரும் பச்சையம்மாவின் குளவியும்

ஆரணியில் புழுவை வைத்துப் பிழைத்தவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. புழுவைப் பிழைக்க வைத்தவர் எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். தபால்காரருக்குக்கூட அது தேவைப்படவில்லை. புழு சார் என்று எழுதிப் போட்டால் கடிதம் நேராக வீட்டுக்குப் போய்விடும். கடைத்தெருவில் ஒரு பட்டுநூல் கடையில் மானேஜராக இருந்தார். எழுபதுகளின் கடைசியில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் குமாஸ்தா வேலை கிடைத்து நான் ஆரணிக்கு வந்தபோது, அவர் வீட்டு மாடி அறையில்தான் குடியிருந்தேன். ஜன்னலைத் திறந்தால் நேர் கீழே அவருடைய தோட்டம். அதனால் எனக்குச் சினிமாச் செலவு வெகுவாகக் குறைந்தது.

தோட்டம் என்பது மரியாதைக்குச் சொல்வது. ஒரு எலுமிச்சை மரம், ஒரு கறிவேப்பிலைச் செடி, ஒரு துவைக்கிற கல். எலுமிச்சையை நட்டவர் சாருடைய மனைவி தனம் அம்மா, ஊறுகாய் போடலாம் என்ற நம்பிக்கையில். மரம் நன்றாகத்தான் வளர்ந்தது. ஒரு நாள் அதில் ஒரு வண்ணத்துப்பூச்சி முட்டையிட்டதை சார் பார்த்துவிட்டார். அன்றோடு ஊறுகாய் போயிற்று. துளிர் விடுவது மரத்தின் வேலை, தின்பது புழுவின் வேலை, இரண்டையும் மேற்பார்வை பார்ப்பது சாரின் வேலை என்று ஆகிவிட்டது.

"வூட்ல மரத்த வச்சிகினு சந்தையில எலுமிச்சங்கா வாங்கறவ ஊர்லயே நான் ஒருத்திதான்" என்பார் தனம் அம்மா.

"காய் சந்தையில கிடைக்குது தனம். புழு கிடைக்குமா?" என்பார் சார்.

அந்தப் புழு சின்னதாக இருக்கும்போது பார்ப்பதற்குக் காக்காய் எச்சம் மாதிரியே இருக்கும். தனம் அம்மா ஒரு தடவை எச்சம் என்று நினைத்து ஈரத்துணியால் துடைத்துவிட்டார். சார் ஒரு வாரம் பேசவில்லை. அதற்குப் பிறகு கடையிலிருந்து ஒரு அட்டையைக் கொண்டுவந்து, 'இது எச்சம் அல்ல, தொடக்கூடாது' என்று எழுதி மரத்தில் கட்டினார். அன்று முதல் அந்த மரத்தின்மேல் விழுந்த அசல் எச்சத்தையும் யாரும் துடைக்கவில்லை.

இதில் ஊருக்குப் பெரிய நகைச்சுவை என்னவென்றால், சார் பகல் முழுக்க விற்பது பட்டுநூல். கொதிக்கிற தண்ணீரில் கூட்டோடு புழுவைப் போட்டு எடுக்கிற நூல். அதை யாராவது கிண்டலாகக் கேட்டால் அவர் கொஞ்சமும் கலங்கமாட்டார்.

"அது ஆபீசு. இது வூடு" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

சாருக்கு உலகத்தில் ஒரே எதிரி குளவி. இலை மேல் சிவனே என்று படுத்திருக்கும் புழுவைக் குளவி வந்து ஒரு கொட்டு கொட்டி, மயங்கினதும் தூக்கிக்கொண்டு போய்விடும். தன் மண்கூட்டுக்குள் வைத்து, பிறக்கப்போகும் குஞ்சுக்குச் சாப்பாடாக அடைத்துவிடும். கடைக்குப் போவதற்கு முன் ஒரு மணி நேரம், வந்த பின் இருட்டும் வரை, சார் பேட்மிண்டன் மட்டையோடு மரத்தடியில் காவல் நிற்பார். ஒரு குளவியையும் அவர் அடித்து நான் பார்த்ததில்லை. எலுமிச்சை முள் அவரை அடித்ததை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் குளவி கண் இமையில் கொட்டி, முகம் சுரைக்காயாக வீங்கிக் கடைக்குப் போனார்.

"இன்னா சார், கண்ணுல இன்னா?" என்று முதலாளி கேட்டார்.

"டூட்டில அடிபட்டுது" என்றார் சார். முதலாளி அரை நாள் லீவு கொடுத்தார். சார் அதையும் மரத்தடியில்தான் கழித்தார்.

கடைசியில் மட்டை போதாது என்று முடிவு செய்து, தன் கட்டிலில் இருந்த கொசுவலையை அவிழ்த்துக் கொண்டுவந்து மரத்துக்குப் போர்த்தினார். ஆரணிக் கொசு எப்படிப்பட்டது என்று தெரிந்தவர்களுக்குத்தான் இதன் தியாகம் புரியும். தியாகம் செய்தது தனம் அம்மா என்பது வேறு விஷயம்.

"புழு வலைக்குள்ள ராஜா மாதிரி தூங்குது தம்பி. நான் ராவெல்லாம் சொறிஞ்சிகினு கெடக்கறேன். பேஜாரா கீது" என்று என்னிடம் முறையிட்டார்.

வலை போர்த்திய முதல் நாளே ஒரு கோளாறு. குளவி ஒன்று ஏற்கெனவே உள்ளே இருந்திருக்கிறது. திருடனை வீட்டுக்குள் வைத்துக் கதவைப் பூட்டிய கதை. அதை விரட்ட சார் வலைக்குள் நுழைந்தார். குளவி சுலபமாக வெளியே வந்துவிட்டது, சாரால் வர முடியவில்லை. நான் இறங்கிப் போய் முள்ளையும் வலையையும் சாரையும் தனித்தனியாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது. வலையில் விழுந்த கிழிசல்கள் வழியாகக் குளவிகள் அதற்குப் பிறகு வரிசையில் வந்து போயின.

இத்தனை பாடுபட்டு ஒரு புழு கூட்டுப்புழுவாகி, ஒரு காலையில் வண்ணத்துப்பூச்சியாக வெளியே வந்தது. சார் எனக்குக் கல்கண்டு கொடுத்தார். தெருவுக்கும் கொடுத்தார். எல்லோர் முன்னாலும் வலையை விலக்கினார். அது அழகாகப் பறந்து போனது. எதிர்க் கம்பியில் உட்கார்ந்திருந்த கரிச்சான் குருவி ஒரே வாயில் அதைப் பிடித்துக்கொண்டு போனது. வாயில் கல்கண்டோடு எல்லோரும் சாரைப் பார்த்தோம்.

"அது ஆகாயத்துல நடக்கறது. நம்ம பொறுப்பு மரத்தோட சரி" என்று சொல்லிவிட்டு மீதிக் கல்கண்டை டப்பாவில் போட்டு மூடினார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த கதையில் பக்கத்து வீட்டுப் பச்சையம்மா நுழைந்தார்.

இரண்டு வீட்டுத் தோட்டத்துக்கும் நடுவே ஒரு சுவர். அது பொதுக் கிணறு வரை வந்து நின்றுவிடும். பச்சையம்மா வீட்டில் இரண்டு தறி. மகன் ஏகாம்பரம் தறியில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டான், எழுந்தால் வாயைத் திறக்க மாட்டான். மருமகள் சரோஜா போளூர்ப் பெண். கல்யாணமாகிப் பல வருஷமாகியும் குழந்தை இல்லை. பச்சையம்மா மருமகளை அழைத்துக்கொண்டு ஏறாத கோயில் இல்லை, கட்டாத தொட்டில் இல்லை.

மரத்துக்கு வந்துபோகும் குளவி எங்கே கூடு வைத்திருக்கிறது என்று துப்பறிந்துகொண்டே போன சார், ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைக் கண்டுபிடித்தார். சுவர் கிணற்றோடு முடிகிற இடத்தில், முனையில், இந்தப் பக்கமும் இல்லாமல் அந்தப் பக்கமும் இல்லாமல், சின்னச் சின்ன மண் குடங்களாகக் கட்டியிருந்தது. ஒட்டடைக் கொம்பை எடுத்துக்கொண்டு வந்து பார்த்தால், கூட்டைச் சுற்றி மஞ்சள் பூசி, குங்குமம் வைத்திருக்கிறது. முன்னால் பச்சையம்மா நிற்கிறார்.

வீட்டில் குளவி மண்கூடு கட்டினால் அங்கே குழந்தை பிறக்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அதைக் கலைப்பது மகா பாவம்.

"சார், கொம்ப கீழ போடுங்க."

"அது என் புழுவையெல்லாம் தூக்கிகினு போவுதும்மா."

"உங்களுக்குப் புழு போச்சு. எனக்குப் பேரன் வர்றான். எது பெருசு?"

"சுவரு என்னுது" என்றார் சார்.

"யார் சொன்னது? எங்க மாமனார் கட்டனது" என்றார் பச்சையம்மா.

தெருவில் எந்தப் பஞ்சாயத்தும் வரதன் மேஸ்திரியிடம்தான் போகும். அவர் நாற்பது தறிக்குப் பாவு நூல் கொடுத்து வேலை தருபவர் என்பதால், அவர் சொல்வது எப்போதும் நியாயமாகவே இருக்கும். அவர் வந்து கூட்டைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், சாரைப் பார்த்தார்.

"கொட்டக் கொட்டத்தான் சார் புழு குளவியாவுது. உங்க புழுவுக்குப் பிரமோசன் கிடைக்குது. அத போய் ஏன் தடுக்கறீங்க?" என்றார்.

சுவர் பச்சையம்மாவுடையது என்று தீர்ப்பாயிற்று. சார் கொம்போடு திரும்பி வந்து, வலையின் கிழிசல்களைக் சாயம் போடாத கோராப் பட்டு நூலால் தைக்க ஆரம்பித்தார். அந்த விலையில் கொசுவலை தைத்தவர் உலகத்தில் வேறு யாரும் இருக்க முடியாது.

சில வாரங்களில் மண் குடங்களில் ஓட்டை விழுந்தது. குஞ்சுக் குளவிகள் வெளியே வந்து பறந்து போய்விட்டன. சரோஜா மட்டும் எப்போதும்போல் கிணற்றில் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தாள்.

இதுவரை சிரித்துக்கொண்டு எழுதினேன். இனிக் கொஞ்சம் கஷ்டம். கோயிலுக்குப் போய்ப் பலிக்காவிட்டால் சாமிக்கு இன்னும் மனசு வரவில்லை என்று சொல்லலாம். குளவி தானாக வீடு தேடி வந்து கூடு கட்டியும் பலிக்கவில்லை என்றால், குற்றம் யார் தலையில் விழும்? "குளவி வந்தும் தங்காத வயிறு" என்று குழாயடியில் பேச்சு கிளம்பிவிட்டது. பச்சையம்மாவே அதைச் சொல்ல ஆரம்பித்தார். ஏகாம்பரத்துக்கு வேறு பெண் பார்ப்பது என்று ஏற்பாடாகி, சரோஜாவின் அப்பாவுக்குப் போளூருக்கு ஆள் அனுப்பினார்கள். அந்த நாட்களில் சரோஜா கிணற்றடியில் கயிற்றைப் பிடித்தபடி வெறுமனே நிற்பதை மாடியிலிருந்து பார்த்திருக்கிறேன். குடிவந்தவன் நான் என்ன சொல்ல முடியும் என்று ஜன்னலைச் சாத்திக்கொள்வேன்.

சரோஜாவின் அப்பா வந்து சேர்ந்தார். துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு கிணற்றடியில் நின்றார். வரதன் மேஸ்திரி வந்தார், தெரு வந்தது. பச்சையம்மா சுவர் முனையில் இருந்த ஓட்டைக் கூட்டைக் காட்டினார்.

"இதுக்கு மேல இன்னா அத்தாட்சி வேணும்? குளவியே வந்து பாத்துட்டுப் போயிடுச்சு. கூட்டிகினு போங்க உங்க பொண்ண."

அப்போது சார் மட்டையைக் கீழே வைத்துவிட்டு மரத்தடியிலிருந்து வந்தார்.

"மேஸ்திரி, ஒரு விசயம். அந்தச் சகுனம் அவங்க வூட்டுது இல்ல. எங்க வூட்டுது."

"சுவரு பத்தி அன்னைக்கே தீர்ப்பு சொல்லியாச்சே சார்" என்றார் மேஸ்திரி.

"சுவரு அவங்களுதாவே இருக்கட்டும். குளவி சாப்ட்டது யார் வூட்டுச் சாப்பாடு? அத்தினியும் என் மரத்துப் புழு. மாடியில கீற தம்பியைக் கேளுங்க, தெனம் பாத்துகினுதான் கீறாரு. எங்க வூட்ல சாப்ட்டுட்டு, சகுனத்த மட்டும் அவங்க வூட்டுக்கு எப்டிச் சொல்லும்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "ஆமாங்க, நம்ம மரத்துலேர்ந்துதான் தூக்கிகினு போவும்" என்றேன். இதில் பொய் ஒன்றும் இல்லை.

மேஸ்திரி யோசித்தார். உண்ட வீட்டுக்கு ரெண்டகம் செய்வது மனிதனுக்கே ஆகாது என்கிறபோது குளவி செய்யுமா? தெருவில் இருந்த அத்தனை பெரிய தலைகளாலும் அந்தத் தர்க்கத்தில் ஒரு ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை. கடைசியில் மேஸ்திரியே மெதுவாகக் கேட்டார்.

"அப்போ... உங்க வூட்லதான் விசேசம்ங்கறீங்களா?"

தெரு முழுக்கத் தனம் அம்மா பக்கம் திரும்பியது. அவர் இடுப்பில் குடத்தோடு நின்றுகொண்டிருந்தார். தலையில் பாதி நரை. வெளியூரில் கட்டிக் கொடுத்த மகளுக்குப் பிள்ளை பிறந்து, அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தது. எலுமிச்சையை இழந்து, கொசுவலையை இழந்து நிற்கிற பெண்மணி. அந்த நேரத்தில் அவர் தலையில் அடித்துக்கொண்டு ஒரு சிரிப்புச் சிரித்திருந்தால் போதும், சரோஜா போளூர் பஸ் ஏறியிருப்பாள். சார் முகத்தில் முதல் தடவையாக ஒரு பயத்தைப் பார்த்தேன்.

தனம் அம்மா சரோஜாவை ஒரு பார்வை பார்த்தார். குடத்தைக் கீழே வைத்தார்.

"ஆமா. அதுக்கு இன்னா இப்போ? வூட்ல மாங்கா இருந்தா யாராவது குடுத்தனுப்புங்க, வாய்க்குப் புளிப்பா கேக்குது" என்றார்.

தெரு சிரித்த சிரிப்பில் கிணற்றுப் புறா பறந்து போயிற்று. சரோஜாவின் அப்பாவே துண்டால் வாயை மூடிக்கொண்டார். அந்தச் சிரிப்புக்கு நடுவில் ஏகாம்பரம், அவன் குரலை நான் கேட்ட முதல் தடவை, "எனக்கு வேற கல்யாணம் வேணாம்மா" என்று சொல்லிவிட்டுத் தறிக்குப் போய் உட்கார்ந்துவிட்டான். சிரித்த வாயோடு யாருக்கும் மறுபடி அந்தப் பேச்சை எடுக்கத் தெரியவில்லை. பச்சையம்மா மட்டும் கொஞ்ச நேரம் கூட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சரோஜாவுக்கு அப்புறம் குழந்தை பிறந்ததா என்று கேட்பீர்கள். நான் ஆரணியை விட்டு மாறுதலாகிப் போகும் வரை பிறக்கவில்லை. ஆனால் அவள் அந்த வீட்டில்தான் இருந்தாள், ஏகாம்பரம் பக்கத்தில் உட்கார்ந்து இழை சுற்றிக்கொண்டு.

ஊர் சும்மா இருக்குமா? கடைத்தெருவில் சார் நடந்தால், "எத்தினியாவது மாசம் சார்?" என்று கேட்பார்கள். கடைப் பையன்கள் அவர் நாற்காலிக்கு மேலே ஒரு துணியைத் தூளி மாதிரி கட்டிவைத்தார்கள். சார் முகம் மாறாமல், "டாக்டர் இன்னும் ஒண்ணும் சொல்லல" என்பார். தனம் அம்மாவுக்கு நிஜமாகவே நாலைந்து வீட்டிலிருந்து மாங்காய் வந்தது. அவர் அதில் ஊறுகாய் போட்டுக்கொண்டார்.

ஒரு சாயங்காலம் மரத்தடியில் அவரோடு நிற்கும்போது கேட்டேன். "எதுக்கு சார் இந்தக் கேலியெல்லாம் தலையில போட்டுகினீங்க? அந்தப் பொண்ணு உங்ககிட்ட ரெண்டு வார்த்தை பேசினதுகூட இல்லையே."

அவர் ஒரு இலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

"தெருவுல எல்லாரும் கிணத்தடியில வாளியை டமால்னு வைப்பாங்க தம்பி. அந்தப் பொண்ணு மட்டும் மெதுவா வைக்கும். ஒரு நாள் ஏம்மான்னு கேட்டேன். புழு பயந்துக்கும் சார்னு சொல்லிச்சு."

புழுவுக்குக் காது கிடையாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதை அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் மேல் எனக்கு அவ்வளவு பிரியம்.