தோய்தல் தடைச் சுற்றுநிருபம்

உலகத்தின் தண்ணீர்ப் பிரச்சினை கொழும்பு வெள்ளவத்தையில் தீர்த்துவைக்கப்பட்டுவிட்டது. பெரிய பெரிய நாடுகள் மாநாடு போட்டும் முடியாத காரியத்தை, கடற்கரைக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில், ஆறு மாடி ஃபிளட்ஸ் ஒன்றின் வாகனத் தரிப்பிடத்தில், நாலு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டுத் திரு. இரத்தினசிங்கம் முடித்துக் காட்டினார்.

அவர் ஓய்வுபெற்ற உதவிப் பணிப்பாளர். உதவியதை எவரும் கண்டதில்லை. பணித்ததை எல்லோரும் கண்டிருக்கிறார்கள். மொட்டைமாடித் தாங்கி மத்தியானத்துக்குள் வற்றிப்போகத் தொடங்கியதும் அவர் உடனடியாக நடவடிக்கையில் இறங்கினார். அதாவது, ‘நீர் முகாமைத்துவ உபகுழு’ ஒன்றை அமைத்து, அதற்குத் தன்னையே ஏகமனதாகத் தலைவராக்கிக்கொண்டார்.

முதலாவது சுற்றுநிருபம் லிஃப்டுக்குள் ஒட்டப்பட்டது. ‘குடியிருப்பாளர்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் மட்டுமே தோயலாம். வாளிகளில் தண்ணீர் பிடித்து வைப்பது பதுக்கலாகக் கருதப்படும்.’

அந்தச் சுற்றுநிருபத்தின் தமிழில் அவருக்கு அளவுகடந்த பெருமை. காலையில் ஒருமுறை மேலே போவார், ஒருமுறை கீழே வருவார். லிஃப்டில் வேறு வேலை ஒன்றும் இருக்காது, வாசிப்பார்.

இரண்டாம் நாளும் தாங்கி காலி.

“ஆர் தோய்ஞ்சது?” என்று செயலாளர் நாகேந்திரத்தைக் கேட்டார்.

“ஒருத்தரும் தோயேல்லையாம் அண்ணை. மேல் கழுவினவையாம்.”

“மேல் கழுவுறதெண்டால் ஒரு செம்புத் தண்ணி காணுமே?”

“ஷவருக்குக் கீழ நிண்டு கழுவினவையாம். தலை மட்டும் நனையேல்லையாம். மூண்டாம் மாடி டொக்டர் தொப்பி போட்டுக்கொண்டு நிண்டவராம்.”

தலைவர் இதைச் சட்டத்தின் நுணுக்கமான பிரச்சினை என்று வர்ணித்தார். பிறகு ஆறாம் மாடிக்கு ஏறினார். அங்கே வாடகைக்கு இருந்த றஸ்மியா கதவைத் திறந்தாள். இடுப்பில் கைக்குழந்தை. பின்னால் குசினி வாசலில், மூடி போட்ட வாளிகள் வரிசையாய்.

“பிள்ளை, நீங்கள் நேற்றுத் தோய்ஞ்சனீங்களோ?”

“அல்லாவே, இல்ல அங்கிள். எங்கட வீட்டுல யாரும் தோயுறதே இல்ல. தோயுறதுக்குத் தடையெண்டு லிஃப்டுல பார்த்தனே.”

“அப்ப?”

“குளிக்கிறதுதான். அதுக்குத் தடை ஒண்டும் இல்லையே.”

இப்படியாக அந்தச் சுற்றுநிருபம், குளிப்பதற்கான யாழ்ப்பாணத்துச் சொல் ஒன்றை நம்பிக் கொழும்பில் இறங்கிய காரணத்தால், ஒட்டிய பசை காயுமுன்னமே நீர்த்துப்போனது.

அவசரக் கூட்டம் கூடியது. ‘தோய்தல்’ என்பதற்குள் குளித்தல், முழுகுதல், மேல் கழுவுதல், தலையைத் தவிர்த்து நனைதல் யாவும் அடங்கும் என்று திருத்தம் வாசிக்கப்பட்டது. பிறகு தலைவர் தொண்டையைச் செருமினார்.

“ஆகவும் மேல இருக்கிற வீட்டுக்குத்தான் தண்ணி முதல் போகுது. நாளைக்கு ஐஞ்சு தரம் கைகால் கழுவுறவையும் அங்கதான் இருக்கினம். திங்கள் துவக்கம் ஆறாம் மாடி வால்வைப் பகலில பூட்டி வைச்சால், உண்மை தானா வெளிக்கும்.”

கூட்டத்துக்கு வந்திருந்த றஸ்மியாவின் முகம் சிறுத்துப்போனது. “அங்கிள், தொழ முந்தி ஒழு செய்ய ஒரு சின்ன ஜக் காணும். கைப்புள்ள ஈக்கிற வீடு. பகலெல்லாம் தண்ணி இல்லாம நான் எப்படி?” பிள்ளையை மறுபக்க இடுப்புக்கு மாற்றினாள். “வால்வப் பூட்ட முந்தி ஒரு வேலை செய்யுங்களேன். எல்லா வீட்டு ஃபிளஷ் டாங்கியிலயும் கொஞ்சம் சிவப்புக் கலரிங் ஊத்துங்க. ஃபிளஷ அமத்தாம விட்டுட்டுப் பாருங்க. கொமட்டுக்குள்ள சிவப்பு வந்தா, அந்த வீட்டால ராவும் பகலும் தண்ணி ஒழுகுது.”

இரத்தினசிங்கம் சிரித்தார். அரசாங்க சேவை முழுவதையும் சிரிக்க வைக்கக்கூடிய சிரிப்பு.

“கேக்குக்குப் போடுற கலரிங்கை கொமட்டுக்குப் போடுறதோ! அப்ப ஐசிங்கும் அடிப்பமோ பிள்ளை? மெழுகுதிரியும் கொளுத்துவமோ?”

எல்லோரும் சிரித்தார்கள். நாகேந்திரம் மட்டும், கூட்டறிக்கை எழுதுகிறவர் என்பதால், கொஞ்சம் பிந்திச் சிரித்தார். அதோடு நிற்காமல், “ஆனால் அண்ணை, செலவில்லாத விசயம்தானே. ஞாயிறு பத்து மணிக்கு வீடு வீடாப் பாப்பமே. தலைவர் வீட்டிலயிருந்து துவங்கினால் ஒரு மரியாதையா இருக்கும்” என்றார்.

மரியாதை என்ற சொல்லுக்கு மறுப்புத் தெரிவிக்கும் வழக்கம் தலைவருக்கு இல்லை.

ஞாயிறு காலை அவருடைய மனைவி பத்மாவதி, கோயிலுக்குப் போயிருந்தா. இரத்தினசிங்கம் குசினி அலுமாரியைத் திறந்தார். பயத்தினால் அல்ல, மூடநம்பிக்கை ஒன்றை விஞ்ஞானரீதியாக உடைத்தெறிவதற்காக. கலரிங் போத்தலின் மூடி இறுகிக் கிடந்தது. திறந்த வேகத்தில் கையெல்லாம் சிவப்பு. மிச்சத்தை ஃபிளஷ் டாங்கிக்குள் ஊற்றிவிட்டுப் பத்திரிகையோடு போய் உட்கார்ந்தார். நாட்டு நடப்பை அலசி முடித்து, மரண அறிவித்தல்களையும் பார்த்துவிட்டு வந்தார்.

கொமட்டுக்குள் செக்கச் சிவந்த தண்ணீர். பின்சுவரால் மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று, அவசரமேயில்லாமல், ஓய்வூதியம் வாங்கும் ஆளைப்போல இறங்கிக்கொண்டிருந்தது.

அவர் ஒரு மூத்த நிர்வாகி செய்யக்கூடியதைச் செய்தார். தடயத்தை அழிக்க ஃபிளஷை அமத்தினார். டாங்கிக்குள் மிஞ்சியிருந்த சிவப்பு முழுவதும் சடாரென்று இறங்கி, ஓரம் வரை தெறித்தது. மறுபடி அமத்தினார். கடக் என்றது. பைப்பைத் திறந்தார். ஃபூ என்று காற்று வந்தது. மொட்டைமாடித் தாங்கி இன்றைக்குக் காலையிலேயே வற்றிவிட்டிருந்தது. எங்கே வற்றியது என்பதை இப்போது இந்த உலகத்தில் ஒரே ஒருவர் அறிவார்.

வீட்டில் ஒரு வாளித் தண்ணீர்கூடக் கிடையாது. தலைவரின் வீட்டில் பதுக்கல் நடக்குமா?

லிஃப்டில் போனால் யாராவது கண்டுவிடுவார்கள். படிக்கட்டால் ஏறினார். ஆறாம் மாடியில் மூச்சை எடுத்து, ஒரு கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு மணியை அடித்தார்.

“பிள்ளை, உங்களிட்ட பிடிச்சு வைச்ச தண்ணி ஒரு வாளி இருக்குமோ? பூச்சாடியள் வாடிப்போய்க் கிடக்கு.”

“ஈக்கி அங்கிள்.” றஸ்மியா உள்ளே போய் ஒரு வாளியைத் தூக்கி வந்தாள். அவர் வாங்குவதற்கு ஒரு கையை நீட்டினார். நிறைந்த வாளி, ஒரு கையால் தூக்க முடியவில்லை. மற்றக் கையும் வெளியே வந்தது.

றஸ்மியா அந்த விரல்களைப் பார்த்தாள். கீழே எங்கேயோ நாகேந்திரம், “அண்ணை, பத்தாகுது! உங்கட வீட்டிலயிருந்துதானே?” என்று கூப்பிடுவது கேட்டது. அவள் சிரிக்கவில்லை. உள்ளே போய் இன்னொரு வாளியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள்.

“அந்தச் சிவப்பு ஒரு வாளியில போகாது அங்கிள், ரெண்டாக் கொண்டு போங்க. நாளைக்கு எங்கட வால்வு திறந்து ஈந்தா, மூணாவதும் தரலாம்.”