என் சர்க்கரைக் கருவிக்கு ஒரு மதிப்பெண்

குவோபியோ,
செப்டம்பர் மாதம், மழைநாள்

அன்புமிக்க அக்கா ஓர்வொக்கிக்கு,

தம்பி வெய்யோ பணிவோடு எழுதுவது. நானும் என் வீட்டுக்காரி ராய்லியும் சுகம். ஊலுவில் உன் முழங்கால் உன்னோடு சமாதானமாக இருக்கும் என்று நம்புகிறேன்.

விஷயம் என்னவென்றால், விரலைக் குத்திச் சர்க்கரை பார்ப்பதை நிறுத்திவிட்டு, என் கையில் ஒரு வில்லையை ஒட்டிவிட்டார்கள். அது ஓயாமல் சர்க்கரையை அளந்து என் கைபேசிக்குச் சொல்கிறது. போதாதென்று ராய்லிக்கும், ஹெல்சிங்கியில் இருக்கும் மகள் ஹென்னாவுக்கும் கோள் சொல்கிறது. சந்தையில் ஒரு ஏலக்காய் பன் தின்றேன், வாயைத் துடைக்கவில்லை, ஹென்னா கூப்பிட்டுவிட்டாள். "அப்பா, என்ன தின்னீங்க? கோடு மலையேறுது!" "ஒண்ணுமில்லம்மா." "பொய் சொல்லாதீங்க, இங்க தெரியுது!" போன வாரம் பக்கத்து வீட்டு தாய்ஸ்தோவின் இறுதிச் சடங்கு. எல்லோரும் தலைகுனிந்து நிற்கிறோம், சர்க்கரை இறங்கிவிட்டது என்று என் சட்டைப்பையில் ஓர் அலறல், உடனே ராய்லியின் கைப்பையில் இன்னொன்று. பாதிரியார் நிமிர்ந்து பார்த்து, "இன்னொருத்தருக்கும் அழைப்பு வந்திருக்கு போல" என்றார். தாய்ஸ்தோவின் மனைவியே சிரித்துவிட்டாள். ராய்லி என் வாயில் மிட்டாயைத் திணித்து, "மெல்லு, மானத்தை வாங்காதே" என்றாள்.

இந்த எரிச்சலோடுதான் நேற்று மருத்துவமனைக்குப் போனேன். செவிலி மிர்வா, "சர்க்கரை பார்க்கிற முறையில உங்களுக்கு எவ்வளவு திருப்தி? ஒண்ணுலேர்ந்து ஆறுக்குள்ள சொல்லுங்க, ஆறுன்னா ரொம்பத் திருப்தி" என்றாள். எனக்கு உன் ஞாபகம் வந்துவிட்டது அக்கா. சின்ன வயதில், சோதனைக் குழாயில் என் சிறுநீரைச் சொட்டவிட்டு நீ சர்க்கரை பார்க்கும் மாத்திரையைப் போடுவாய், அது புஸ்ஸென்று கொதிக்கும். நீலம் வந்தால் நல்லது, பச்சை என்றால் பரவாயில்லை, ஆரஞ்சு வந்தால் அம்மாவின் முகம் தொங்கிவிடும். அந்த நடுக்கோடைத் திருநாளன்று நல்ல ஆரஞ்சு. ஏரிக்கரையில் தீ மூட்டப் போகிறார்கள், அம்மா பார்த்தால் எனக்கோ படுக்கை என்றாகிவிடும். நீ குழாயைக் கையால் மறைத்துக்கொண்டு, "பச்சைதாம்மா" என்றாய். பிறகு என்னை ஏரியைச் சுற்றி இழுத்துக்கொண்டு போனாய். "நடடா கழுதை! உனக்காகப் பொய் சொல்லியிருக்கேன், அது நிஜமாகுற வரைக்கும் நட!" நான் அழுதேன், நீயும் அழுதாய், கையை மட்டும் விடவில்லை. திரும்பி வந்து பார்த்தபோது நிஜமாகவே பச்சை. இதையெல்லாம் மிர்வாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஐயா, அக்காவைப் பத்திக் கேள்வி இல்ல. கருவியைப் பத்தித்தான்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அதற்கும் அடுத்து வந்த எல்லாக் கேள்விக்கும் ஒன்று, ஒன்று என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். திட்டத் தெரியாத வில்லைக்கு அதுவே அதிகம்.

குளிர் வருமுன் உன் கூரை ஒழுகாமல் நிற்கட்டும், முழங்கால் சொன்னபடி கேட்கட்டும்.

என்றும் உன் தம்பி,
வெய்யோ

பி.கு: உறையை ஒட்டும் நேரத்தில் மிர்வா கூப்பிட்டாள். "உங்களுக்குத் திருப்தியே இல்லையாம், வில்லையை எடுத்துட்டுப் பழையபடி விரல்லயே குத்திக்கலாம்னு டாக்டர் சொல்றார்." எனக்கு உயிரே போய்விட்டது. "ஐயோ, எடுத்துடாதீங்கம்மா! ஒண்ணுன்னா முதல் பரிசுன்னுல்ல நினைச்சேன்!" என்று புளுகி, எல்லாவற்றையும் ஆறாக மாற்றச் சொல்லிவிட்டேன். கோள் கேட்பவர்கள் வரிசையில் உன் கைபேசி எண்ணையும் சேர்த்தாயிற்று. அலறினால் எடு அக்கா, ரெண்டு திட்டு திட்டு.