மதினிக்காகப் பிடுங்கிய கடுகு

வயலில் நான் வேலை பார்த்ததைவிட வேடிக்கை பார்த்ததே அதிகம். கல்யாணமாகி வல்லத்திராக்கோட்டைக்கு வந்த முதல் வருஷமே, கடலை போடும் செம்மண்ணில் கால் ஏக்கரைக் கேட்டு வாங்கிக் காலிபிளவர் நட்டேன். சுற்றிலும் கடுகு. காலிபிளவரைத் தின்ன வரும் பூச்சி கடுகைக் கண்டால் அங்கேயே தங்கிவிடும் என்று மொபைலில் படித்திருந்தேன்.

அப்படியே தங்கியது. பொழுது சாயும் நேரத்தில் கடுகுச் செடியை லேசாகத் தொட்டால் போதும், அரிசியளவு அந்துப்பூச்சிகள் சாம்பல் பறப்பதுபோல எழும்பி, மஞ்சள் வெயிலில் மிதந்து, மறுபடி பூவிலேயே அமரும். வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பேன். (அடுப்பில் சோறு இரண்டு முறை தீய்ந்தது. கணவர் நல்லவர், பேசாமல் சாப்பிட்டார்.)

தை மாதம் கறம்பக்குடியில் மதினி, அதாவது கணவரின் அக்கா, புது வீட்டுக்குப் பால் காய்ச்சுவதாக இருந்தது. "குருமாவுக்குக் காலிபிளவர் நான் தாரேன் மதினி" என்று வாயை விட்டேன்.

"நாளைக்கு வந்து பாக்குறேன். சரியில்லன்னா கடையில சொல்லிருவேன்" என்றார்.

கடுகைப் பார்த்தேன். இலையெல்லாம் சல்லடை. வருகிறவர் கண்ணில் இந்தக் கந்தல் படலாமா? அன்று மாலையே அத்தனையும் பிடுங்கி, உரமாகட்டும் என்று காலிபிளவருக்கு நடுவிலேயே பரப்பினேன்.

மதினி வந்து மெச்சிவிட்டுப் போனார். அடுத்த பத்து நாளில் காலிபிளவர் இலைகளில் ஓட்டை விழுந்தது. அவற்றின் வழியே வெயில் புள்ளி புள்ளியாக மண்ணில் இறங்குவதை ரசித்தேன்.

விசேஷத்தன்று சமையல்காரர் முதல் பூவைப் பிரித்தார். இளம்பச்சைப் புழு ஒன்று நூல்விட்டு மெல்ல இறங்கிக் காற்றில் ஆடியது. பின்னாலேயே இன்னொன்று. (அழகாகத்தான் இருந்தது.)

"ஏம்மா, வீட்டுக்காரங்களுக்கு முன்னாடி இவங்க குடிவந்துட்டாங்களே!"

உப்புத் தண்ணீரில் போட்டோம். எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தன. கடைகள் திறக்காத நேரம். கணவர் பைக்கில் அலைந்து பக்கத்துத் தோட்டத்திலிருந்து கொண்டுவந்தது பரங்கிக்காய் மட்டுமே. காலையில் பரங்கிக்காய்க் குருமா, மிஞ்சியதில் மதியம் பரங்கிக்காய்க் கூட்டு, பரங்கிக்காய்ப் பொரியல்.

மிச்சமிருந்த சிமெண்டு மூட்டைகளுக்குப் பின்னால் நின்று அழுதேன். கணவரிடம் கடுகுக் கதையைக் கேட்டுவிட்டு மதினி தேடி வந்தார்.

"கடுக எதுக்குத்தா புடுங்குன?"

"நீங்க பாக்க வாரீங்கன்னுதான், மதினி."

என்னையே பார்த்தவர், பட்டுச்சேலையோடு ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

அந்த வீட்டு வாசலில் பித்தளைத் தகட்டில் அழகான பெயர் ஒன்று உண்டு. அதைச் சொன்னால் கறம்பக்குடி ஆட்டோக்காரர்கள் யாருக்கும் தெரியாது. "பரங்கிக்கா வீடு" என்றால் வாசலிலேயே கொண்டுபோய் விடுவார்கள்.