குசினி ஜன்னலும் மடுல்சீமைச் சிரமதானமும்

பதுளை,
15.03.1999

பெருமதிப்புக்குரிய ஹாஷிம் மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே கடை சுகம், நான் அரைச் சுகம். பண்டாரவளையில் நீங்களும் மாமியும், ஒரு வாரமாக அங்கே விருந்தாளியாக இருக்கும் உங்கள் தங்கை ஸகீனாவும் முழுச் சுகமாக இருக்க துஆச் செய்கிறேன்.

அவள் பக்க நியாயத்தைக் கேட்டிருப்பீர்கள். என் பக்கத்தையும் கேளுங்கள். மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றில், தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைமடுவத்தை ஞாயிறுதோறும் ஊர்கூடிச் சிரமதானத்தில் புதிதாகக் கட்டுகிறார்கள். நான் பத்து மூடை சீமெந்து கொடுத்தேன். கொடுத்தவன் கடையிலேயே இருந்திருக்கலாம், லொறியோடு போனேன். சிரமதானத் தலைவர் சின்னராசா, ஹாட்வெயார் கடை முதலாளிக்குத் தெரியாத கட்டட வேலையா என்று மேசன் கரண்டியைக் கையில் தந்துவிட்டார். இருபத்தைந்து வருடமாகக் கரண்டி விற்கும் நான், அதை எப்படிப் பிடிப்பதென்று அன்றுதான் யோசித்தேன். அத்தனை பேருக்கு முன்னால் தெரியாதென்று சொல்ல வாய் வரவில்லை மச்சான்.

சாந்து குழைத்தேன், சோற்றுக்கு ஊற்றும் ஆணம் மாதிரி ஓடியது. சீமெந்தைக் கூட்டினேன், கரண்டியே ஒட்டிக்கொண்டது. சுவரில் பூசப் பூச எல்லாம் நான் உடுத்திருந்த சாரத்தில் விழுந்தது. மணல் சுமந்துகொண்டிருந்த இராக்கம்மா என்ற பெண் சுமையை இறக்கிவைத்துவிட்டு வந்தார்.

“மொதலாளி, ரொட்டிக்கு மாஜரீன் தடவுற மாதிரி தடவாதீங்க. செவத்துல வீசி அடிங்க, அது புடிச்சுக்கும்” என்றார்.

வீசினேன். முதல் வீச்சு சின்னராசாவின் முதுகைப் பிடித்துக்கொண்டது. ஆனாலும் மூன்றாம் ஞாயிறு என் சுவரில் சாந்து நின்றது. நாலாம் ஞாயிறு ஜன்னலே வைத்தேன். கொளுக்கி வெளிப்பக்கம் போய்விட்டது, கழற்றித் திருப்பி வைத்தேன். எந்தச் சுவரில் வைப்பதென்று நான் தீர்மானிக்கவில்லை. மடுவத்தில் பிள்ளை பார்க்கும் பெண்களைக் கூப்பிட்டு விசாரித்து, இராக்கம்மாதான் இடம் காட்டினார். அந்த ஜன்னல் ஒழுங்காகத் திறந்து மூடியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்தச் சந்தோஷத்தை வீட்டில் வந்து சொன்னதுதான் பிழை. அதுவரை சீமெந்து இறக்கப் போவதாகத்தான் ஸகீனாவிடம் சொல்லியிருந்தேன். குசினியில் புகை தாங்கவில்லை, ஒரு ஜன்னல் வேண்டும் என்று அவள் கேட்டது கல்யாணம் முடித்த வருடம். மேசன் கிடைக்கவில்லை என்று பத்தொன்பது வருடம் சொல்லியிருக்கிறேன், அதுவும் கடை நிறைய ஜன்னல் நிலைகளை அடுக்கிவைத்துக்கொண்டு. அவள் கத்தவில்லை, அழவில்லை.

“மடுல்சீமைக்குப் போய் ஜன்னல் வெக்கத் தெரிஞ்ச மனிசனுக்கு, சொந்தக் குசினிக்கு வழி தெரியல்லயா?” என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் காலை பஸ்ஸில் உங்களிடம் வந்துவிட்டாள்.

நியாயம் அவள் பக்கம்தான். ஆகவே நேற்று சிரமதானத்துக்கும் போகாமல், குசினிச் சுவரை என் கையாலேயே உடைத்து ஜன்னல் வைத்துவிட்டேன். லெவல் பிடித்துப் பார்த்தேன், நேர். கொளுக்கி உள்பக்கம். சாந்து ஒரு துளி விழவில்லை. பத்தொன்பது வருடமாக அவள் சொன்னதை ஒரு சொல் விடாமல் கேட்டவன் நான், செய்வதற்குத்தான் பிந்திவிட்டது என்று அவளிடம் எடுத்துச் சொல்லி, ஹஜ்ஜுப் பெருநாளைக்கு முன் பஸ் ஏற்றிவிடுங்கள். அவள் இல்லாத வீட்டில் எனக்கு இருக்க ஏலாது மச்சான்.

மாமிக்கு என் ஸலாம். உங்கள் பிள்ளைகளுக்கு நீண்ட ஆயுளையும், உங்களுக்கு என் கடிதங்களை வாசிக்கும் பொறுமையையும் அல்லாஹ் தருவானாக.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்
தாஸிம்

பி.கு: கடிதத்தை ஒட்டுமுன் ஒரு பிளேன்டீ குடிக்கலாமென்று அடுப்பை மூட்டினேன். இத்தனை வருடத்தில் நான் அந்த அடுப்பை மூட்டியது இன்றுதான். புது ஜன்னலால் மலைக்காற்று உள்ளே வந்து, குசினியோடு நின்ற புகையை ஹோல் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது. கண்ணைத் துடைத்துத் துடைத்துத்தான் இதை எழுதுகிறேன். இந்தப் புகையிலா அவள் எனக்குச் சமைத்தாள்? ஜன்னல் வேண்டும் என்று அவள் சொன்னது ஞாபகம் இருக்கிறது. எந்தச் சுவரில் என்பது ஞாபகம் இல்லை. சொல்லியிருப்பாள், நான் கேட்டிருக்கமாட்டேன். ஆகவே மேலே எழுதியதில் ஒன்றையும் அவளிடம் சொல்ல வேண்டாம். எந்தச் சுவர் என்று மட்டும் கேட்டு எழுதுங்கள். இல்லாவிட்டால் அவளே வந்து விரலால் காட்டட்டும். மேசன் கரண்டியைக் கழுவி வைத்திருக்கிறேன்.