கண்ணாடிக்கு முன்னால் நூறடி

செஞ்சிக் கோட்டையைக் கட்டியவர்களுக்கு மூன்று மலை, அகழி, அடுக்கடுக்காக மதில் எல்லாம் தேவைப்பட்டன. அப்படியும் கோட்டை கைமாறிக்கொண்டேதான் இருந்தது. ஆனால் அதே செஞ்சியில், எங்கள் ஊர் டாக்ஸி ஸ்டாண்டில் நிற்கிற ஒரு வெள்ளைக் காரின் முன்கண்ணாடியை எட்டு வருஷம் ஒரு கல்லாலும் தொட முடியவில்லை. உலகத்தில் அவ்வளவு காவலோடு வாழ்ந்த கண்ணாடி வேறு இருக்காது. காவல் காத்தவரை ஊரே நூறடி என்று கூப்பிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

எங்கள் பக்கத்தில் கல் குவாரிகள் அதிகம். ஜல்லி ஏற்றிய டிப்பர் லாரிகள் நாள் முழுக்க ஓடும். குலுக்கலில் ஒரு ஜல்லி தெறித்தால் பின்னால் வருகிற காரின் கண்ணாடியில் கடுகளவு புள்ளி விழும். வெயில் ஏற ஏற அந்தப் புள்ளிக்குக் கால் முளைத்து, கண்ணாடி முழுக்க நடக்கும்.

நூறடி புதுக் கார் எடுத்த அன்றே மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போய், நான்கு சக்கரத்திலும் எலுமிச்சம்பழம் நசுக்கிவிட்டுத் திரும்பினார். வரும் வழியிலேயே கல் அடித்துவிட்டது. "வூடு வந்து சேரல சார், அதுக்குள்ள!" என்று இன்றைக்கும் ஏறுகிறவர்களிடமெல்லாம் முறையிடுவார்.

கண்ணாடியை மாற்றிய கையோடு ஒரு சட்டம் போட்டார். முன்னால் எந்த வண்டி போனாலும் நூறடி தள்ளித்தான் போவது. முந்துவது என்ற பேச்சே இல்லை. ஒருமுறை வைக்கோல் ஏற்றிய மாட்டு வண்டிக்குப் பின்னால் தளவானூர் வரைக்கும் ஊர்ந்தோம்.

"வைக்கோல்ல ஏதுய்யா கல்லு?" என்றேன்.

"இல்லன்னு நீங்க எண்ணிப் பாத்தீங்களா சார்?"

எதையும் எண்ணிப் பார்க்கிறவன் நான். வைக்கோலை மட்டும் எண்ணியதில்லை.

கதவை நாம் சாத்தக் கூடாது. அதிர்ச்சியில் கண்ணாடி விரிசல் விட்டுவிடுமாம். அவரே இறங்கி, காரைச் சுற்றி வந்து, நான்கு கதவையும் தூங்குகிற குழந்தையைக் கீழே விடுவதுபோல் சாத்துவார். சித்திரை வெயிலிலும் ஏசி கிடையாது. "வெளிய சூடு, உள்ள ஜில்லு. கண்ணாடிக்கு ஜன்னி கண்டுடும்!" கோட்டை அடிவாரத்தில் நிறுத்தினால் குரங்குகள் கண்ணாடியில் சறுக்கி விளையாடும். அதற்கென்றே ஒரு சீப்பு வாழைப்பழம் வைத்திருப்பார். கார் நிற்கிற இடத்துக்கு எதிர்ப்பக்கத்தில் அவற்றுக்குப் பந்தி நடக்கும்.

இதையெல்லாம்விடப் பெரிய கூத்து, மூடாமல் ஜல்லி ஏற்றிவந்த டிப்பர் டிரைவர் ஒருவனை டீக்கடையில் மடக்கி, சொந்தக் காசில் வாங்கிய தார்ப்பாயைப் பரிசாகக் கொடுத்தது. அவன் அதை மடித்துச் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டான். "எங்க வண்டி பின்னால வர்றதே நீ ஒருத்தன்தான். நீயும் நூறடி தள்ளி வர்ற. அப்புறம் எதுக்குய்யா தார்ப்பாயி?"

இப்படிப்பட்டவரின் காரில்தான் என் மருமகள் செல்வி அரசு வேலைக்கான பரீட்சை எழுத விழுப்புரம் போக நேர்ந்தது. அன்று முகூர்த்த நாள். ஸ்டாண்டில் மிஞ்சியிருந்தது அவர் கார் ஒன்றுதான். செல்விக்கு இரண்டு பிள்ளைகள். அவர்கள் தூங்கிய பிறகு உட்கார்ந்து படித்தவள். போன தடவை ஒன்றரை மார்க்கில் வேலை போனது. ஒன்பது மணிக்கு கேட்டைச் சாத்திவிட்டால் கலெக்டரே வந்து சொன்னாலும் திறக்க மாட்டார்கள். எனவே துணைக்கு நானும் சேர்ந்து ஏழு மணிக்கே கிளம்பினோம்.

அனந்தபுரம் பிரிவு தாண்டியதும் முன்னால் ஐந்து டிப்பர்கள் வரிசையாகப் போயின. நூறடி பின்வாங்கினார். அந்த இடைவெளியில் ஒரு மினி பஸ் புகுந்தது. அதற்கும் நூறடி விட்டார். அதில் பால் வண்டி புகுந்தது. பிறகு ஷேர் ஆட்டோ. பதினொரு வண்டி வரை எண்ணினேன். காரின் சக்கரம் முன்னால் சுற்றினாலும் நாங்கள் செஞ்சியை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தோம் என்று தோன்றியது. கடைசியில் பஸ்ஸும் மற்றவையும் டிப்பர்களை முந்திக்கொண்டு பறந்துவிட்டன. டிப்பர்களுக்குப் பின்னால் மறுபடி நாங்கள் மட்டும். மணி எட்டு இருபது.

நான் கத்துவதற்குள் செல்வி மெதுவாகச் சொன்னாள். "பரவால்லண்ணா. திருப்பிக்குங்க. அடுத்த தபா எழுதிக்கிறேன்."

அவர் உள்கண்ணாடியில் அவளைப் பார்த்தார். ஹால் டிக்கெட்டை நான்காக மடித்துக்கொண்டிருந்தாள்.

"சார், கண்ண மூடிக்குங்க," என்றார்.

"எதுக்குய்யா?"

"எனக்குப் பயமா இருக்குது. யாராவது ஒருத்தர் மூடணும். நான் மூடினா வண்டி ஓட்ட முடியாதே!"

மூடினேன். கார் வீறிட்டது. 'டக்' என்று ஒரு சத்தம், கொட்டைப்பாக்கு உடைவதுபோல. கண்ணைத் திறந்தால் முதல் டிப்பரைத் தாண்டிவிட்டோம். கண்ணாடியில், என் பக்கத்தில், துவரம்பருப்பு அளவுக்கு ஒரு வெள்ளைப் பூ. நூறடி அதைப் பார்க்கவே இல்லை.

இரண்டாவது டிப்பரை ஓட்டியவன் தார்ப்பாய் வாங்கியவன். பக்கத்தில் வந்த காரைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்தது. நூறடி முந்துகிறார் என்றால் எங்கோ உயிர் போகிறது என்றுதானே அர்த்தம்?

"யோவ் நூறடி! யாருக்கு இன்னா ஆச்சு?"

"பரிட்சைடா! கேட்ட சாத்திடுவான்!"

"பரிட்சையா? போ, போ, போ!"

அவன் ஓரம் கட்டிவிட்டு ஹாரனை விடாமல் அழுத்தினான். முன்னால் போன மூன்று டிப்பர்களும் ஒவ்வொன்றாக ஒதுங்கின. அமைச்சர் கார்கூட எங்கள் ரோட்டில் அப்படிப் போனதில்லை.

எட்டு ஐம்பத்து நாலுக்கு கேட் வாசலில் நின்றோம். செல்வி குதித்து இறங்கி, கதவை 'டமார்' என்று அறைந்துவிட்டு ஓடினாள். நான் சட்டென்று அவரைப் பார்த்தேன். அவர் ஜன்னலில் பாதி உடம்பை வெளியே நீட்டி, "ஓடும்மா! ஓடு!" என்று கத்திக்கொண்டிருந்தார்.

பரீட்சை முடிகிறவரை வேப்பமர நிழலில் இருவரும் அந்தப் புள்ளியைப் பார்த்தபடி நின்றோம். தூசி போகாமல் ஒட்ட டேப் இல்லை. தன் விரலாலேயே மூடிக்கொண்டு நின்றார். செல்வி சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். விஷயம் தெரிந்ததும் சிரிப்பு நின்றது. பையிலிருந்த அட்டையிலிருந்து ஒரு ஸ்டிக்கர் பொட்டை உரித்து, அவர் விரலை விலக்கி, அந்த இடத்தில் ஒட்டினாள்.

மறுநாள் கண்ணாடிக் கடைக்காரர் ஓட்டையில் பசை ஏற்றிச் சரிசெய்தார். புள்ளிக்கு அப்புறம் கால் முளைக்கவில்லை. செல்வி இப்போது அரசு வேலைக்குப் போகிறாள். முதல் சம்பளத்தில் புதுக் கண்ணாடி போட்டுத் தருகிறேன் என்று அவள் சொன்னதற்கு நூறடி ஒத்துக்கொள்ளவில்லை. பசை ஏற்றிய இடத்தின்மேல் மறுபடி ஒரு பொட்டு ஒட்டியிருக்கிறார். கேட்பவர்களிடம், "எங்க ஆபீசர் வச்ச பொட்டு," என்கிறார். மற்றபடி பழைய நூறடிதான். மாட்டு வண்டிக்குப் பின்னாலும் ஊர்கிறார்.

போன வாரம் சென்னையில் ஒரு டாக்ஸியில் ஏறினேன். கதவு சரியாகச் சாத்தவில்லை என்று டிரைவர் இரண்டு தடவை சொல்லிவிட்டார்.

"இன்னா சார், கைல பலம் இல்லியா?"

"எங்க ஊர்ல ஒருத்தர் இருக்காருப்பா," என்றேன். மூன்றாவது தடவையும் மெதுவாகத்தான் சாத்த வந்தது.