மேல்படிக்கு ஒரு கேட்

அன்பையும் அதட்டலையும் சம அளவில் கொண்ட அக்காவுக்கு,

தங்கை வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உன் மகள் பீரங்கி எங்கள் எல்லோரையும்விட நலம். பயிற்சிக்குப் போன இடத்தில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

"படிக்கட்டை அடைக்கலைன்னா பயிற்சியும் வேணாம், வேலையும் வேணாம், வந்துடுவேன்" என்று போனில் கத்திவிட்டு வைத்துவிட்டாய். என்னைப் பேச விடவில்லை. ஆகவே எழுதுகிறேன். படிக்கட்டை அடைத்தாயிற்று. நீ வர வேண்டாம்.

நம் மாடிப்படியின் லட்சணம் உனக்குத் தெரியும். மேல்படியில் ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் உருண்டை இரும்புத் தூண். சுவரின் அடியில் கல்பட்டை துருத்திக்கொண்டிருப்பதால் மேலே ஓர் அகலம், கீழே ஓர் அகலம். கீழே அப்பாவின் கடையில் தையல் மெஷின் ஓடினால் போதும், பீரங்கி தவழ்ந்து போய்ப் படி விளிம்பில் தலையை நீட்டுகிறாள். நான் அளவெடுக்கக் குனிவதற்குள் அப்பா, "ஊருக்கே அளவெடுக்கிறவன் இருக்கேன், நீ தள்ளு" என்று கழுத்தில் கிடந்த டேப்பை உருவி, படியை நிமிர்ந்து நிற்கச் சொல்லாத குறையாக அளந்து, அன்றே இரும்புக்கடைக்குப் போய் ஒரு கேட்டோடு வந்து இறங்கினார். அது தூணுக்கும் சுவருக்கும் நடுவே நுழையவே இல்லை.

"என்னப்பா, அளந்துதானே வாங்கினீங்க?"

"அளந்ததுக்கு மேல ரெண்டு விரல் விட்டுத்தாம்மா வாங்கினேன். இறுக்கிப் பிடிச்சா யாருக்கும் பிடிக்காது."

"அது சட்டைக்குப்பா!"

"நல்லவேளை, காலர் வைக்கச் சொல்லாம வந்தாரே" என்றாள் அம்மா. அப்பாவோ அசரவில்லை. "பக்கத்துல கொஞ்சம் பிடிச்சுவிட்டா சரியாயிடும்" என்று இரும்புக் கம்பியைத் தடவிப் பார்த்தார்.

மாற்றி வாங்க நானே போனேன், அக்கா. கடைக்காரர், "வீட்ல ஆம்பளைங்க யாரையாவது அனுப்பும்மா" என்றார். கல்லூரியில் வருகை சொல்லவே எனக்குக் குரல் வயிற்றுக்குள் போய்விடும் என்பது உனக்குத் தெரியும். அன்று குரல் உள்ளே போகவில்லை. "மேல்படிக்கு வேணும். ரெண்டு பக்கமும் அழுத்தி நிக்கிற வகை வேணாம், குழந்தை மோதினா நழுவிடும். அடியில இருக்கிற குறுக்குக் கம்பி எங்களையே தடுக்கிவிடும். திருகாணி போடுறதா குடுங்க. தூணுக்குக் கட்டுற பட்டையும் வேணும். கதவு படிப்பக்கம் திறக்கக் கூடாது" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "என்னம்மா படிச்சிருக்கே?" என்றார். வரலாறு என்றேன். கோட்டைக் கதவுகளெல்லாம் அதில்தானே வருகின்றன!

கல்பட்டைக்கு மேலே அதே தடிப்பில் ஒரு மரச்சட்டம் வைத்துச் சுவரைச் சமப்படுத்தி, நானே துளையிட்டுப் பொருத்தினேன். இப்போது அப்பா தைக்கக் கொடுக்க வருகிறவர்களையெல்லாம் மாடிக்கு இழுத்துவந்து, "எம்பொண்ணு பொருத்தினது, ஆட்டிப் பாருங்க" என்கிறார். ஒருவர் ஆட்டு ஆட்டென்று ஆட்டிவிட்டு, "அருமை. என் பேன்ட் எப்பங்க கிடைக்கும்?" என்றார்.

ஆகவே கவலையை விடு. பயிற்சியை முடித்துவிட்டு நிதானமாக வா. நீ விட்டுப்போனபடியே உன் மகள் தவழ்ந்துகொண்டிருப்பாள். அப்பா அம்மாவின் ஆசிகளும் பீரங்கியின் எச்சில் முத்தமும் உனக்கு.

உன் அன்புத் தங்கை

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் நம்பாதே. இதைத் தபாலில் போட நேரமில்லை, போட்டோ எடுத்து அனுப்புகிறேன். ஒரு நாள் லீவு சொல்லிவிட்டு உடனே பஸ் ஏறு. பீரங்கி கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறாள்! கேட் இம்மியும் அசையவில்லை. அப்பா அந்தப் பக்கம் படியில் நின்று, "உக்காருடி தங்கம், உங்கம்மா வந்துடட்டும்" என்று கெஞ்சுகிறார். அவள் ஒரு கையை எடுத்துவிட்டாள்.